ஐந்தாவது ஜெர்கின்

டிசம்பர் 6, சனி

காலையில் நல்ல பனி. எங்கள் கணபதிப் பகுதி முழுக்க வெள்ளை. பட்டறைகள் திறக்கிற நேரம்வரை எதிர்வீட்டு மாடிகூடத் தெரியவில்லை. கோலப்பொடி தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும்.

முடிவாகிவிட்டது, மலைக்குப் போகிறோம். இவர், நான், இவருடைய அக்கா தங்கமணி நங்கை, நங்கை வீட்டுக்கார அண்ணன். காரமடை தாண்டி மேலே, வனத்துறைக் கூடாரத்தில் ஒரு ராத்திரி. மறுநாள் காலை மலை நடை. அண்ணன்தான் யாரையோ பிடித்து இடம் வாங்கினார்.

எனக்கு இஷ்டமே இல்லை. இவருக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்து இன்னும் இரண்டு வருஷம் ஆகவில்லை. டாக்டரிடம் கேட்டேன். "நடக்கறது நல்லதுதாம்மா. மெதுவா ஏறச் சொல்லுங்க. நனையாம, குளிர் வாங்காம பாத்துக்குங்க. திடீர்னு பயப்படற மாதிரி, அதிர்ச்சி ஆகற மாதிரி எதுவும் வேண்டாம்." இவர் சிரித்தார். "மலையில பயப்பட என்னங்க இருக்குது, இவளே கூட வாரா." டாக்டரும் சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

சாயந்தரம் பெங்களூரிலிருந்து நித்யா போன். பெற்ற மகள் இப்போது எனக்கு டீச்சர். "அம்மா, காட்டன் போட்டுட்டு ஏறாதீங்க. வேர்வையில நனைஞ்சா காயவே காயாது, அதுலதான் குளிர் புடிக்கும். ஒண்ணு மேல ஒண்ணா மூணு அடுக்கு போடோணும்." ஒரு ஜெர்கின் படம் அனுப்பினாள். விலையைப் பார்த்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். அந்தக் காசில் நாலு பேருக்கும் தீபாவளி முடித்துவிடுவேன்.

வீட்டில் இருப்பது: குல்லா 2. மப்ளர் 1 (பூச்சி அரித்தது). இவருடைய பழைய ஸ்வெட்டர், முழங்கை கிழிசல். பவானி ஜமுக்காளம் 2. நி. தூக்கப் பை வாங்கச் சொல்கிறாள். ஜமுக்காளத்தில் படுத்தால் தூக்கம் வராதா என்ன?

டிசம்பர் 7, ஞாயிறு

கடை கடையாக அலைந்தோம். பெரிய கடைப் பையன் எனக்கு வழுக்காத ஷூவைப் பற்றி அரைமணி நேரம் சொன்னான். கேட்டுவிட்டு வந்தேன். ரோட்டோர ஸ்வெட்டர் கடையில் கம்பளி நன்றாக இருந்தது. ஆனால் எல்லாம் சிவப்பும் கிளிப்பச்சையும். வனத்துறை ஆபீஸில் அண்ணனிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்கள்: பளிச்சென்ற கலர் கூடாது, மண் கலர், சாம்பல் கலர்தான்.

வாங்கியது: உல்லன் சாக்ஸ் 4 ஜோடி, டார்ச் பேட்டரி, கோலப்பொடி.

ஷூ வாங்கவில்லை. இவருடைய வாக்கிங் ஷூவே போதும், அடியில் பல் இருக்கிறது. எனக்கு நி.யின் காலேஜ் ஷூ. ஒரு விரல் அளவு பெரிது. முனையில் பஞ்சு வைத்தால் சரியாகிவிடும்.

டிசம்பர் 10, புதன்

பள்ளிக்கூட ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டுத் திருப்பூர். சிங்காநல்லூரில் பஸ் ஏறும்போது தூறல். உடன் நங்கை. பஸ் முழுக்க அவருடைய மூட்டுவலிப் பேச்சு.

சந்துக்குள் ஒரு எக்ஸ்போர்ட் மிச்சக் கடை. தரையிலிருந்து கூரைவரை துணி. வேர்வை காய்கிற டீ-சர்ட் எட்டு, டிராக் பேண்ட் நாலு. எங்கள் ஊரில் கேட்ட விலையில் பாதிகூட இல்லை. தையல் ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்தேன். கடைக்காரருக்கு முகம் சுருங்கிவிட்டது.

ஜெர்கினும் கிடைத்தது. சாம்பல் கலர், உள்ளே மெத்தென்று துணி, மேலே தண்ணீர் ஒட்டாத துணி, தலைக்கு முக்காடு. ஏதோ வெளிநாட்டுக்குத் தைத்தது. கழுத்து லேபிளை வெட்டியிருந்தார்கள். வேறு குறை எதுவும் கண்ணில் படவில்லை. அதுதான் சந்தேகமாக இருந்தது.

"குறையில்லாம எதுக்குங்க மிச்சமாச்சு?"

"ஆர்டர் போட்டவங்க எடுக்கலீங்க அம்மணி. அஞ்சு பீஸ் ஒரே கட்டு. பிரிச்சுக் குடுக்க மாட்டனுங்க."

"நாங்க நாலு பேருதானுங்க."

"மிச்சம் ஒண்ணை வெச்சுட்டு நான் யாருக்குங்க விக்கிறது?"

நங்கை வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார். நான் விடுவேனா? கவர் பிரிக்காமல், கறை படாமல் கொண்டுவந்தால் மாசக் கடைசிக்குள் ஒன்றைத் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும் என்று பேசி முடித்தேன். அஞ்சும் வாங்கியாயிற்று. வரும் வழியெல்லாம் எனக்குப் பெருமை தாங்கவில்லை.

டிசம்பர் 11, வியாழன்

புதுத்துணிக்கு மஞ்சள் வைத்தேன். மூலையில் வைப்பதுதான் வழக்கம். ஜெர்கினுக்கு ஏது மூலை? பின்கழுத்தில் ஆளுக்கொரு பொட்டு வைத்தேன். சாம்பலில் நன்றாகவே தெரிகிறது. இவருக்கு எரிச்சல். "ஏனம்மணி, மலைக்குப் போறமா, சீருக்குப் போறமா?"

ஐந்தாவதற்கு வைக்கவில்லை. மஞ்சள் பட்டால் கடைக்காரர் எடுக்க மாட்டார். கவரோடு பீரோ மேலே வைத்துவிட்டேன்.

நங்கை அவர்கள் பங்கை வாங்க வந்தார். பீரோ மேலே பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"அதுக்கு மஞ்ச வெக்கலியா கண்ணு?"

"திருப்பிக் குடுக்கறதுங்க நங்கை."

"மஞ்ச வெக்காத புதுத்துணிய ஊட்டுல வெக்கப்படாது. அது கோடித்துணியாட்ட. யாருக்குன்னு இல்லாம காத்துட்டு கெடக்கும்."

கோடி என்ற சொல்லையே நான் வீட்டில் எடுப்பதில்லை. இவர் ஐசியுவில் இருந்தபோது நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். தூணுக்கு அந்தப் பக்கம் எங்கள் ஒறம்பரையில் ஒரு சொந்தக்கார ஆள் போனில் மெதுவாகப் பேசினார்: "கோடி இப்பவே எடுத்துப்போடட்டுமா? எட்டரைக்குக் கடை சாத்திருவான்." செத்தவர்மேல் போடுகிற துணி. இவருக்கு உள்ளே மூச்சு ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடி வழியாக நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஆளோடு இன்றுவரை பேச்சில்லை. எடுத்தாரா, எடுக்கவில்லையா என்று கேட்கவும் தைரியமில்லை.

நங்கையிடம் சிரித்துக்கொண்டே சொன்னேன், "அதெல்லாம் சட்டை வேட்டிக்குத்தானுங்க நங்கை. ஜெர்கினுக்கு இல்ல."

அவர் சிரிக்கவில்லை.

டிசம்பர் 14, ஞாயிறு

வெயில். ஒத்திகை பார்த்தோம். நாலு பேரும் முழு உடுப்போடு சிங்காநல்லூர்க் குளக்கரையில் நடை. நாய்கள் குரைத்தன. ஒரு அம்மா பிள்ளையை இழுத்துப் பிடித்துக்கொண்டார். நாங்கள் ஏதோ டிபார்ட்மெண்ட் ஆட்கள் என்று நினைத்துவிட்டார் போல.

முக்காடு போட்டுவிட்டால் முதுகுகள் எல்லாம் ஒன்று. இவர் என்று நினைத்து அண்ணன் தோளில் கை போட்டுவிட்டேன். அவர் துள்ளிவிட்டார். நங்கை வயிறு குலுங்கச் சிரித்தார். "மஞ்சளப் பாத்துப் புடி கண்ணு! உன்ற ஊட்டுக்காரருக்குப் பொட்டு பெருசு." உண்மைதான். இவருக்கு வைக்கும்போது கை கொஞ்சம் அழுந்திவிட்டது.

டீ-சர்ட் சொன்னபடி சீக்கிரம் காய்கிறது. டிராக் பேண்ட் இடுப்பில் நிற்கவில்லை, நாடா கோர்க்க வேண்டும். பஞ்சு வைத்த ஷூ பரவாயில்லை.

டிசம்பர் 19, வெள்ளி

மூட்டை கட்டியாயிற்று. இவர் மாத்திரை இரண்டு செட், ஒன்று என் பையில், ஒன்று இவர் சட்டைப் பையில். ஜமுக்காளம். புளிசாதம், தேங்காய்த் துவையல். மாற்று சாக்ஸ் பாலிதீனில் சுற்றி. அட்டைப்பூச்சிக்கு உப்பு. குல்லா.

இவர் பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்குப் போகிற பையன்போல் இருக்கிறார். கண்ணாடி முன்னால் ஜெர்கினைப் போட்டுப் போட்டுக் கழற்றுகிறார். ஐசியுவில் வாயில் குழாயோடு பார்த்த முகம். இப்போது இப்படிச் சிரிப்பதைப் பார்க்க, போவதும் நல்லதுதான் என்று தோன்றுகிறது.

டிசம்பர் 20, சனி. கூடாரம். சாயந்தரம்

காரமடை கோயிலில் அரைமணி. அப்புறம் வளைவு, வளைவு. நங்கை இரண்டு தடவை வாந்தி. வந்து சேர்ந்தபோது மணி மூன்று. வெளிச்சம் இருக்கும்போதே எழுதுகிறேன், விரல் விறைக்கிறது.

எங்களைக் கூட்டிப்போக வனத்துறை வாச்சர் ஒருவர். பெயர் ரங்கன். ஒல்லி, காக்கி ஸ்வெட்டர், காலில் ரப்பர் செருப்பு. என் ஷூவைப் பார்த்துவிட்டு மரியாதையாக முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கார் நின்ற இடத்திலிருந்து கூடாரம்வரை ஒற்றையடிப் பாதை. ரங்கன் முன்னால் போய்ப் பாறைமேல் நின்று, நாங்கள் வருவதைப் பார்த்தார். "அஞ்சு பேருங்களா? நாலுன்னுதானுங்க எழுதியிருக்குது."

"நாலுதானப்பா," என்றார் அண்ணன்.

ரங்கன் எங்களைப் பார்த்தார். பின்னால் பாதையைப் பார்த்தார். "சரிங்க," என்று சொல்லிவிட்டு அடுப்பு மூட்டப் போய்விட்டார். அவர் கண்ணில் வெயில் அடித்திருக்கும்.

குளிர் இறங்குகிறது. நி. சொன்ன மூன்று அடுக்கு வேலை செய்கிறது, ஒப்புக்கொள்கிறேன். இவர் கன்னம் இரண்டும் சிவந்து உட்கார்ந்திருக்கிறார். ரங்கன் காலைக்கு ஒரே ஒரு கண்டிஷன் சொல்லியிருக்கிறார்: "மஞ்சு எறங்கிருச்சுன்னா ஒண்ணும் தெரியாதுங்க. முன்னால போறவங்க முதுகப் பாத்தே நடங்க. முதுகு தெரியலீன்னா நின்னுருங்க."

டிசம்பர் 21, ஞாயிறு. வீடு

வந்துவிட்டோம். நாலு பேரும் வந்துவிட்டோம். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

காலையில் ரங்கன் சொன்ன மஞ்சு, மூடுபனி, இறங்கியிருந்தது; கைநீட்டும் தூரம்தான் தெரிந்தது. ரங்கன் முன்னால், பின் அண்ணன், இவர், நான், கடைசியில் நங்கை. ஒரு மேட்டில் என் ஷூவிலிருந்து பஞ்சு நழுவிவிட்டது. "ஒரு நிமிஷம் நில்லுங்க" என்றேன். இவருக்குக் கேட்கவில்லை போல. குனிந்து சரிசெய்து நிமிர்ந்தேன். முதுகு இல்லை. நங்கை வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார். ரங்கன் சொன்னபடி அப்படியே நின்றோம்.

அப்போதுதான் கேட்டது. இவர் குரல். முன்னால் இல்லை. இடதுபக்கம், பாதையே இல்லாத பக்கம்.

"கலா! மெதுவாப் போ."

நான் இங்கே நிற்கிறேன்.

"கலா, நில்லம்மணி. வாரேன்."

"ஏனுங்க! நா இங்க இருக்கறனுங்க!" கத்தினேன். மஞ்சில் சத்தமும் நனைந்துவிடும் போலிருக்கிறது, எனக்கே என் குரல் கேட்கவில்லை. அவர் குரல் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. கோபமே இல்லாமல், கொஞ்சலாக. கல்யாணமான புதிதில் கூப்பிடுவாரே, அப்படி. "நில்லு கண்ணு. எதுக்கு இத்தன வேகம்?"

நங்கை நகம் என் தோளில் பதிந்துவிட்டது. இப்போதும் தடம் இருக்கிறது.

ரங்கனின் விசில் சத்தம். இலைகளை ஒடித்துக்கொண்டு யாரோ ஓடும் சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாத நேரத்தில் நான் மறுபடியும் ஐசியு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

ரங்கன் இவரைக் கையைப் பிடித்து அழைத்து வந்தார். முதலில் பின்கழுத்தைத் திருப்பிப் பார்த்தேன். ஏன் அதைச் செய்தேன் என்று தெரியாது. பெரிய பொட்டு இருந்தது. அதற்கப்புறம்தான் அழுதேன்.

இவர் என்னை விழித்துப் பார்த்தார். "நீ எப்ப பின்னால வந்தே? எனக்கு முன்னால போய்ட்டிருந்தியே? கூப்பிடக் கூப்பிட, கேக்காதவளாட்ட போய்ட்டே இருந்தியே?"

ரங்கன் அண்ணனிடம் தனியாகச் சொன்னது என் காதில் விழுந்தது: "இன்னும் பத்தடி போயிருந்தா பாறை முடிஞ்சு பள்ளமுங்க." நடையை அத்தோடு முடித்துத் திரும்பிவிட்டோம். பணம் போனது போகட்டும்.

காரில் அண்ணன், "மஞ்சுல நம்ம நெழலே நமக்கு முன்னால தெரியும்" என்று விளக்கினார். எல்லோரும் தலையாட்டினோம். காரமடை தாண்டியதும், இவர் தூங்கப்போகும் முன் மெதுவாகக் கேட்டேன், "நா முன்னால போனேன்னீங்களே, பின்கழுத்துல மஞ்சள் இருந்துச்சுங்களா?"

கண்ணை மூடியபடியே யோசித்தார்.

"இல்ல. புத்தம் புதுசாட்ட இருந்துச்சு."

டிசம்பர் 22, திங்கள்

மேகமூட்டம். உடம்பெல்லாம் வலி. ஆபீஸுக்கு லீவு.

எங்கள் இரண்டு ஜெர்கினையும் துவைத்தேன். நங்கைக்குக் கை தூக்க முடியவில்லை, அதனால் அவர்கள் இரண்டும் இங்கேதான். சோப்புப் பட்டதும் மஞ்சள் பொட்டு நாலும் சிவப்பாகிவிட்டது. மாடிக் கொடியில் போட்டிருக்கிறேன். கனத்த துணி, இரண்டு நாள் ஆகும்.

மதியம் ஐந்தாவதை எடுத்தேன், நாளைக்குத் திருப்பூரில் திருப்பிக் கொடுத்துவிட.

கவர் பிரிக்கப்படவில்லை. ஒட்டுக் காகிதம் ஒட்டியபடியே இருந்தது. உள்ளே முத்து முத்தாக ஈரம். சரி, பாலிதீன் வேர்க்கும், பனிக்காலம், பீரோ மேலே சுவரில் ஓதம் என்று சொல்லிக்கொண்டேன். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். இரண்டு கையிலும், விளிம்பிலும், மலையிலிருந்து வந்து நான் நேற்று எங்கள் சாக்ஸிலிருந்து பிடுங்கினேனே, அதே ஒட்டுப்புல். கவருக்கு உள்ளே.

உட்கார்ந்துவிட்டேன்.

இவரிடம் சொல்லக்கூடாது. அதிர்ச்சி கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நங்கையிடம் சொன்னால் அடுத்த நிமிஷம் இவருக்குத் தெரிந்துவிடும். நி.க்குப் போன் பண்ணினேன். "அம்மா, ரெஸ்ட் எடுங்க" என்றாள். அவள் குரலைக் கேட்டது போதும் என்று வைத்துவிட்டேன்.

எரிக்கலாமா? இது எரிந்தால் என்ன ஆகும் என்று யாரைக் கேட்பது? கடைக்காரர் தலையிலேயே கட்டிவிட வேண்டியதுதான். மஞ்சப்பையில் போட்டு வாசல் கதவு ஓரம் வைத்துவிட்டேன். காலை முதல் பஸ். வீட்டுக்குள் வைத்துப் படுக்க மனமில்லை, வெளியே வைக்கவும் மனமில்லை.

டிசம்பர் 23, செவ்வாய்

பனி. தெருவிளக்கு மட்டும் தெரிகிறது. பால் வந்துவிட்டது. கோலம் போடவில்லை.

நான் குளித்துவிட்டு வந்தபோது இவர் வாக்கிங் கிளம்பிப் போயிருந்தார். மூன்று நாள் வாக்கிங் போகவில்லை என்று நேற்றே புலம்பினார். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு போனாரா என்று பார்த்தேன். ஆணியில் ஸ்வெட்டர் தொங்குகிறது.

மாடிக்கு ஓடினேன். கொடியில் நாலும் இருக்கிறது. நாலு சிவப்புப் பொட்டும் இருக்கிறது.

வாசலில் மஞ்சப்பை காலி. கவர் கிழித்துப் போட்டிருக்கிறது. தப்பு இவர்மேல் இல்லை. குளிருக்குப் புதுசாக ஒன்று கையில் கிடைத்தது, எடுத்துப் போட்டுக்கொண்டார். நான் சொல்லியிருந்தால் தொட்டிருக்க மாட்டார்.

இவர் போன் சார்ஜில் கிடக்கிறது. தெருமுனை வரைக்கும் ஓடினேன், செருப்புகூடப் போடாமல். பால்காரர் நின்றுகொண்டிருந்தார்.

"இப்பத்தானுங்க போனாரு. கூப்பிட்டனுங்க. கேக்காதவராட்ட போய்ட்டே இருந்தாரு."

"எந்தப் பக்கமுங்க?"

பனியைக் காட்டினார்.

மைதானம்வரை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். வீட்டுக்கு அவர் வரும்போது நான் இருக்க வேண்டும். மஞ்சள் குழைத்துக் கிண்ணத்தில் வைத்திருக்கிறேன். சும்மா உட்கார முடியவில்லை, அதனால் எழுதுகிறேன். வந்ததும் காபிகூடக் கேட்க விடமாட்டேன். முதலில் பின்கழுத்து. திட்டட்டும். சீருக்குப் போறமா என்று கேட்கட்டும். எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கட்டும்.

கேட் சத்தம்.

கூப்பிட்டேன். ஷூ கழற்றும் சத்தம் மட்டும் கேட்கிறது. இன்னொரு தடவை கூப்பிட்டேன்.